வேளாண் இயந்திரங்களும் நம் சமுதாய இளைஞர்களும்

(கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கல்வியின் சிறப்பு' என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைக் கேட்டுக் கொண்டனர். கல்வி மறுக்கப்பட்ட காலத்தின் கொடுமையை உடலால் அறிந்தவர்கள் அமர்ந்திருக்கும் அவையில் அப்பொருளை விரித்துரைத்தல் மிகை. ஆதலின் அவர்கள் இசைவுடன் வேறொரு பொருளை எடுத்துக் கொண்டோம். கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களின் வயல்களில் இன்று ஓடும் இயந்திரங்களுக்கும் நமக்கும் உள்ள உறவு யாது? இனி எத்தகைய உறவு வேண்டும்? இவையே இன்றைய உரையின் பொருள்.

"பிள்ளைகளைச் சேற்றிலிருந்து கரையேற்றத்தானே பள்ளி நடத்தினோம்? இந்தத் தலைமையாசிரியர் மறுபடியும் சேற்றுக்கே அழைக்கிறாரே!" என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தில் நியாயம் உண்டு. அதற்குரிய விடையை உரையின் முடிவில் கூற அருள்கூர்ந்து பொறுத்திருக்க வேண்டுகிறோம்.

நாற்பது வேலி நிலம்

நாம் கூடியிருப்பது சிதம்பரத்தை அடுத்த மண். நந்தனாரை நினையாமல் இங்கு எப்பேச்சும் தொடங்குவதில்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில், பண்ணையாளான நந்தன் சிதம்பரம் செல்ல விடை கேட்கிறார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. ஓரிரவில் பயிர் விளைந்து நிற்கிறது. அது இறைவன் அருள் என்று கதை முடிக்கிறது. பெரியபுராணத்தில் இந்த ஆண்டையும் இல்லை, நாற்பது வேலியும் இல்லை. பண்ணையாள் முறையைக் கண்ணால் கண்ட ஒரு காலம் இப்பகுதியைக் கதையில் சேர்த்தது.

ஆசிரியராகிய எமக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நாற்பது வேலி என்பது ஏறக்குறைய 266 ஏக்கர். இன்றைய அறுவடை இயந்திரம் ஒன்று நல்ல வயலில் ஒரு மணி நேரத்திற்கு ஓர் ஏக்கர் அளவில் அறுக்கும். முப்பது இயந்திரங்களை இறக்கினால் நாற்பது வேலியும் ஓரிரவில் அறுபட்டுவிடும். விளைவிக்கத்தான் முடியாதேயன்றி, அறுத்துத் தூற்றி மூட்டையாக்கிவிட இயலும். கதையில் இறைவன் செய்த பணியில் ஒரு பாதியை இயந்திரம் செய்கிறது. ஆயினும் ஒன்றை நோக்குங்கள். கதையிலும் விளைச்சல் ஆண்டைக்கே சென்றது. நந்தனுக்குக் கிடைத்தது விடை மட்டுமே. இன்றும் இயந்திரம் வேலையை முடித்ததும் நம்மவர்க்குக் கிடைப்பது அதுதானா என்பதே கேள்வி.

யாம் கண்டவை

எம் தந்தையார் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். 1970-களில் எம் சிறு பருவத்தில் களத்து மேட்டில் இரண்டு மரக்கால்கள் இருந்ததைக் கண்டோம். குத்தகை நெல்லை அளந்து வாங்க ஒன்று; கூலி நெல்லை அளந்து போட மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எம் தந்தையாருக்கு எழுத்துத் தெரியாது. எனினும் வீட்டுக்கு வந்த நெல்லைக் கொட்டாங்கச்சியால் அளந்து பார்த்து, எந்த மரக்காலில் அளந்தார்கள் என்று சொல்லிவிடுவார். களத்தில் அதைச் சொல்லும் வாய் அவருக்கு இல்லை.

பின்னர் எங்கள் ஊருக்கு முதல் அறுவடை இயந்திரம் வந்தது. அன்று காலையில் வழக்கம் போல் கருக்கரிவாளுடன் சென்ற பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றனர். அவர்களுள் எம் தாயாரும் ஒருவர். நண்பகலுக்குள் வயல் வெறுந்தாளாயிற்று. வைக்கோலாவது கிடைக்குமா என்று ஒருத்தி கேட்டாள்; அதுவும் சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்தது. வீட்டுக்கு வந்த எம் தாயார் சொன்னது இன்றும் செவியில் ஒலிக்கிறது: "மெசினுக்கு வயிறா இருக்கு? நமக்குல்ல இருக்கு!"

அந்தச் சொல்லுக்கு விடை கூறாமல் இயந்திரத்தைப் புகழ்ந்து பேச நமக்கு உரிமை இல்லை. புதுமை வேண்டும் என்று மேடையில் முழங்குவோர் பலர், வரப்பில் நின்ற அப்பெண்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

குற்றம் இயந்திரத்தினுடையதா?

சற்று ஆழ்ந்து நோக்கினால், நம்மவரை வரப்பில் நிறுத்தியது இயந்திரம் அன்று. நிலமின்மை என்பது விளங்கும். ஓர் ஏக்கர் நிலம் உடையவனுக்கு அறுவடை இயந்திரம் செலவைக் குறைக்கும் கருவி. நிலமே இல்லாதவனுக்கு அதே இயந்திரம் கூலியைப் பறிக்கும் கருவி. இரும்பு ஒன்றே, அது நிற்கும் இடம் வேறு.

இந்நிலமின்மைக்கும் வரலாறு உண்டு. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலைமையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் ஆணை பிறந்தது. நாளடைவில் சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் நிலம் ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டதாகக் கூறுவர். பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் நாம் சொல்வது அதுவே. முதல் பத்தாண்டுகள் விற்கலாகாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்டோர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. அந்நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடனுக்கும் மருத்துவச் செலவுக்கும் வெற்றுத் தாளில் வைத்த கைந்நாட்டுக்கும் அது கைமாறிப் போயிற்று. படிப்பறிவு அன்று இருந்திருப்பின் பாதி நிலமாவது தங்கியிருக்கும்.

1966-இல் ஐ.ஆர். 8 நெல் வந்தது. பசுமைப் புரட்சி என்று நாடு பேசிற்று. நாட்டின் பசி தணிந்தது மெய். அதை மறுப்பது நன்றியன்று. ஆனால் விளைச்சல் பெருகிய காலத்திலேயே, 1968 டிசம்பர் 25 அன்று, காவிரிப் படுகையின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட நம் மக்களில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். விளைச்சல் உயர்ந்தால் கூலி தானாக உயர்ந்துவிடும் என்னும் பேச்சு எத்துணை வெறுமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. காட்டுமன்னார்கோயில் மண் ஈன்ற எல். இளையபெருமாள் அவர்களின் தலைமையில் 1965-இல் அமைந்த குழு, தீண்டாமையையும் தாழ்த்தப்பட்டோரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஒருசேர ஆராய்ந்து 1969-இல் அறிக்கை அளித்தது. தீண்டாமையும் வறுமையும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் தாழ்த்தப்பட்டோர். கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர். இம்மாவட்டத்தின் வேளாண்மை பெரும்பாலும் நம் உழைப்பால் நடந்தது. அதன் வணிகத்திலோ நமக்குப் பங்கு மிகச் சிறிது. இப்பங்கைப் பெறும் வழி யாது?

பங்கிடக்கூடிய புதுமை

புதுமைகளில் இருவகை உண்டு என்பதை இளைஞர்கள் முதற்கண் உணர வேண்டும். ஒன்று, சிறு அளவிலும் பயன் தருவது. மற்றொன்று, பெரு நிலத்தில் ஓடினால் மட்டுமே கட்டுப்படியாவது. விதை முதல் வகை. நல்ல விதை அரை ஏக்கரிலும் நன்றாகவே விளையும். ஐம்பது ஏக்கர்க்காரனைத் தேடிச் செல்லாது. அறுவடை இயந்திரம் இரண்டாம் வகை. முதல் வகையைத் தனித்தனியே கைக்கொள்ளலாம். இரண்டாம் வகையைக் கூடித்தான் கைக்கொள்ள வேண்டும்.

நம்மவர்க்கு மிஞ்சியுள்ள நிலம் பெரும்பாலும் பள்ளக்கால். மழை மிகுந்தால் முதலில் மூழ்குவதும் கடைசியில் வடிவதும் அதுவே. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தில் இம்மாவட்டம் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். இத்தகைய நிலத்திற்கென்றே ஒரு புதுமை வந்திருக்கிறது. ஒடிசாவின் உழவர்கள் பேணி வந்த ஒரு நாட்டு நெல்லில், நீரில் மூழ்கினாலும் மடியாத பண்பு இருந்தது. அப்பண்புக்குரிய மரபணுவை 2006-இல் அறிவியலார் கண்டறிந்து விளக்கினர். அதனை நம் வட்டாரம் நன்கறிந்த சி.ஆர். 1009 நெல்லில் சேர்த்து 'சி.ஆர். 1009 சப்-1' என்னும் இரகம் உருவாயிற்று. ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கியிருந்தாலும் நீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கும் ஆற்றல் அதற்குண்டு. பெயரில்லாத ஏழை உழவர் காத்த விதையே இன்று பள்ளக்கால் உழவர்க்குக் காப்பாக வந்திருக்கிறது. இதனை நம் தெருவில் எத்தனை பேர் அறிவர்?

திருந்திய நெல் சாகுபடி என்னும் ஒற்றை நாற்று நடவு முறையும் இத்தகையதே. மடகாஸ்கர் தீவில் ஏழை உழவரிடையே தொண்டாற்றிய லொலானியே என்னும் பாதிரியார் 1980-களில் வகுத்த முறை அது. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுரமாக 25 சென்டிமீட்டர் இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர். ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதையே போதும். உருளும் களைக்கருவியை ஓட்டுபவர் குனிய வேண்டுவதில்லை. ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். குனிந்து களை பறித்தவள் பெண்; களைக்கருவி வந்ததும் அதைப் பிடித்தவன் ஆண். கருவி வந்த இடங்களிலெல்லாம் கூலி கூடிய வேலை ஆணுக்கும், வேலையின்மை பெண்ணுக்கும் போவதை நாம் கண்டு வருகிறோம். ஆகையால் எப்பயிற்சி நடந்தாலும் நம் மகளிரை முன்வரிசையில் அமர்த்துவது இச்சங்கத்தின் கடமை.

கூடி வாங்குதல், கணக்கறிந்து ஓட்டுதல்

இனி, பெரிய கருவிகளுக்கு வருவோம். 2017-18 முதல் தமிழக அரசு கூட்டுப்பண்ணையத் திட்டத்தின் கீழ், நூறு சிறு, குறு உழவர்கள் சேர்ந்த குழுவுக்குப் பொதுக் கருவிகள் வாங்க ஐந்து இலட்ச ரூபாய் வழங்கியது. 2022-23 வேளாண் நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு உழவர்க்குக் கருவி மானியத்தில் இருபது விழுக்காடு கூடுதல் அறிவிக்கப்பட்டது. நிலமற்ற நம் மகளிர் நிலம் வாங்கத் தாட்கோ வழியாக 'நன்னிலம்' திட்டம் 2023-இல் வந்தது. நிலத்தின் விலையில் பாதி, ஐந்து இலட்ச ரூபாய் வரை மானியம். உழவு, நடவு மட்டுமின்றி மருந்து தெளிப்பும் இன்று வானூர்தியால் நடக்கிறது. ஓர் ஏக்கரைப் பத்து நிமிட அளவில் முடிக்கும் இந்த டிரோனை மகளிர் சுய உதவிக் குழுக்கள் பெறுவதற்கு 80 விழுக்காடு வரை மானியம் தரும் திட்டத்திற்கு மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. அதை இயக்கும் உரிமத்திற்கு வேண்டிய படிப்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. நம் தெருவில் பத்தாம் வகுப்புத் தேறிய பெண்கள் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

திட்டங்களின் பெயரை அடுக்குவது எம் நோக்கமன்று. திட்டம் நம் வாசலுக்கு வந்தும் பட்டா இல்லை, கூட்டுப் பட்டா பிரியவில்லை, சாதிச் சான்று வரவில்லை என்று திரும்பிச் சென்ற கதைகள் ஏராளம். எம் உறவினர் ஒருவரை, தந்தை பெயரிலிருந்த பட்டா மாறவில்லை என்று ஒரு வங்கிக் கிளை மூன்றாண்டுகள் அலைக்கழித்தது. நான்காம் ஆண்டில் அவர் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்.

கருவி கிடைத்த பின்னும் கணக்கறிவு வேண்டும். எடுத்துக்காட்டாக ஆறு இலட்ச ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்கி, அது எட்டாண்டு உழைப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்குத் தேய்மானம் 75,000 ரூபாய். ஆண்டில் 300 மணி நேரம் ஓடினால் மணிக்கு 250 ரூபாய் தேய்மானம்; 100 மணி நேரமே ஓடினால் மணிக்கு 750 ரூபாய். எரிபொருளும் ஓட்டுநர் கூலியும் பழுதுபார்ப்பும் இதற்கு மேல். ஆதலின் வாங்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலை என்ன என்பதன்று. ஆண்டில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதே. இக்கணக்கைப் போடாமல் வாங்கிய கருவிகள் சில ஊர்களில் சாவடி ஓரம் துருவேறி நிற்கின்றன. ஐந்தாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் வகுத்தல் கணக்குத்தான் இது.

இரண்டாம் மரக்கால்

வேளாண்மை என்பது விளைவிப்பதோடு முடிவதில்லை, விற்பதில்தான் முடிகிறது. அரசின் நேரடி நெல் கொள்முதலில் ஈரப்பதம் 17 விழுக்காட்டிற்கு மிகலாகாது என்பது பொதுவான வரையறை. நம் உழவர் கையில் ஈரமானி இல்லை. வாங்குபவர் நெல்லைக் கையில் அள்ளிக் கடித்துப் பார்த்து "ஈரம் அதிகம்" என்பார். மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்பார். எம் தந்தையார் காலத்து இரண்டாம் மரக்கால் மறையவில்லை, வடிவம் மாறியிருக்கிறது.

இங்கும் ஒரு சிறு கணக்குச் சொல்வோம். நூறு கிலோ நெல் 20 விழுக்காடு ஈரத்தில் இருக்கிறது. அதில் நீர் 20 கிலோ, உலர்பொருள் 80 கிலோ. இதனை 17 விழுக்காட்டிற்கு உலர்த்தினால் ஏறத்தாழ 96.4 கிலோ நிற்கும். குறைவது 3.6 கிலோ. ஒரு வணிகர் இதற்காக ஆறு கிலோ கழித்தால், 2.4 கிலோ நெல் நியாயமின்றிப் போகிறது. எங்கள் ஊர் இளைஞர் சிலர் சென்ற சில ஆண்டுகளுக்கு முன் பணம் போட்டு ஓர் ஈரமானி வாங்கினர். களத்திலேயே அளந்து, தாளில் எழுதி, மூட்டையோடு எடுத்துச் சென்றனர். முதல் நாள் வாக்குவாதம் நேர்ந்தது. மறுநாள் கழிவு குறைந்தது. ஒரு சிறு கருவி, ஒரு துண்டுத் தாள், கணக்குத் தெரிந்த ஒரு பையன். இம்மூன்றும் எம் தந்தையாருக்கு வாய்த்திருந்தால்! அன்று களத்தில் அவருக்கு இல்லாத வாய் இவர்களுக்கு இருந்தது.

நெல்லை நெல்லாகவே விற்பதைவிட விதையாக விற்றால் விலை கூடும். ஆதார விதை வாங்கி, கலப்பு நீக்கி, ஆய்வுக்கு உட்படுத்தி, நீல நிறச் சான்றட்டை பெற்று விற்பது பொறுமையும் பதிவேடும் வேண்டும் தொழில். படித்தவர்க்கே உரிய வேளாண் வணிகம் அது. அறிவுரை பெற நெடுந்தொலைவு செல்ல வேண்டா. 1905-இல் தோன்றிய பாலூர் ஆராய்ச்சி நிலையமும், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையமும், அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலமும் நம் மாவட்டத்திலேயே உள்ளன. அவற்றின் வாயிலில் நுழையத் தயங்கும் நம் உள்ளமே தடை.

கருவி எத்தெருவில் இருக்கிறது?

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அண்டையிலுள்ள புதுச்சேரிச் சிற்றூர்களில் கணினி வழித் தகவல் மையங்களைத் தொடங்கியது. விலை நிலவரம், வானிலை, மீனவர்க்குக் கடல் அலையின் உயரம் முதலியன அங்கே கிடைத்தன. மையம் அமையும் இடம் சேரி மக்கள் உட்பட அனைவரும் தடையின்றி வரக்கூடிய பொது இடமாக இருத்தல் வேண்டும் என்பது நிறுவனம் விதித்த நிபந்தனை. அறிவியலார் இதைக் கேட்க நேர்ந்ததன் பொருளை உணருங்கள். கணினிக்குச் சாதி தெரியாது. அது வைக்கப்பட்ட அறையின் கதவுக்குத் தெரியும். உலர்களம், சேமிப்புக் கிடங்கு, கருவி வாடகை மையம் எதுவாயினும், அது எத்தெருவில் அமைகிறது, சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். கிராமசபையில் எழுந்து கேட்பதற்குக் கல்வியைவிடச் சிறந்த துணை வேறில்லை.

இளைஞர்களுக்கு வேண்டுகோள்

தொடக்கத்தில் பெரியோர் எண்ணக்கூடும் என்று நாம் கூறிய கேள்விக்கு இப்போது வருகிறோம். பிள்ளைகளைச் சேற்றுக்கு அழைக்கிறோமா? இல்லை. மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆட்சியராகவும் நம் பிள்ளைகள் உயர வேண்டும். 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் சிதம்பரத்தில் கல்விக் கழகம் கண்டது அதற்காகவே. நாம் அழைப்பது பண்ணையாள் வேலைக்கு அன்று. அவ்வேலை மறைவதற்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் நிலமும் விதையும் கருவியும் சந்தையும் ஆகிய நான்கையும் பிறர் கையில் விட்டுவிட்டு, நகரத்துக் காவலாளி வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஓடுவதைக் கரையேறியதாக எவ்வாறு கொள்வது? படித்தவன் விற்றுவிட்டுப் போன நிலத்தில், படிக்காத அவன் அண்ணன் கூலிக்கு நிற்பதை யாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

எனவே வெள்ளி விழா ஆண்டில் நான்கு பணிகளை இச்சங்கத்தின் முன் வைக்கிறோம். முதலாவதாக, நம் தெருக்களின் நிலப் பதிவேடு ஒன்றை இளைஞர்கள் எழுத வேண்டும். எவர் நிலம், பட்டா யார் பெயரில், எது கைமாறிற்று என்பவை அதில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, கோடை விடுமுறையில் பொறி பழுதுபார்த்தல், டிரோன் இயக்குதல், விதை உற்பத்தி ஆகியவற்றில் இருபது பேர்க்குப் பயிற்சி. அவருள் பாதிப் பேர் பெண்கள். மூன்றாவதாக, ஒரு ஈரமானியும் ஒரு மின் தராசும் சங்கத்தின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். நான்காவதாக, கருவி வாங்கும் எக்குழுவிலும் அறுவடைக் கூலியை இழந்த குடும்பங்கள், நிலம் இல்லாவிட்டாலும், பங்குதாரராகச் சேர்க்கப்பட வேண்டும். இயந்திரம் ஈட்டுவதில் ஒரு பகுதி அவர்கள் வீட்டு அடுப்புக்குச் சென்றால்தான் எம் தாயாரின் சொல்லுக்கு நாம் விடை கூறியவர்கள் ஆவோம்.

நாற்பது வேலியை ஓரிரவில் முடிக்கும் ஆற்றல் இன்று மனிதர் கைக்கு வந்துவிட்டது. அக்கைகளுள் நம் கையும் இருக்க வேண்டும் என்பதே எம் வேட்கை. பொன்விழா மலருக்கு உரை எழுதப் போகிறவர் இக்கூட்டத்தில் இன்று மாணவராக அமர்ந்திருப்பார். சங்கத்தின் களத்தில் நம் பெண்கள் தாமே அளந்த நெல்லைத் தாமே எழுதிய விலைக்கு விற்றனர் என்று அவர் எழுதுவாராக.